கையெழுத்துப் போட்டால்தான் டீமில் இடம்: அமெரிக்கப் பள்ளிகளும் மாலை நேர விதிமுறைகளும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்பச் சொன்ன சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறேன்.)

இன்னைக்கு ஒரு பசு மாட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1859-ல் தீர்ப்பான ஒரு வழக்கு. பதினொரு வயசுப் பையன் ஒருத்தன். பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அப்பாவோட மாட்டை ஓட்டிக்கிட்டு தன் ஆசிரியர் வீட்டு வழியாகப் போகிறான். கூடப் படிக்கிற பசங்க சிலரும் பக்கத்துல இருக்காங்க. ஆசிரியர் பெயர் சீவர். அவர் காதில் விழுகிற மாதிரி 'கிழட்டு ஜாக் சீவர்' என்று கத்திவிட்டான். மறுநாள் வகுப்பில் தோல் சாட்டையால் அடி விழுந்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. பள்ளி நேரம் முடிஞ்ச பிறகு, பள்ளிக்கு வெளியில சொன்ன வார்த்தைக்கு ஆசிரியர் தண்டிக்கலாமா? அந்த வார்த்தை பள்ளியின் ஒழுங்கை நேரடியாகக் கெடுக்கும் என்றால் தண்டிக்கலாம் என்றது வெர்மான்ட் உச்ச நீதிமன்றம்.

இப்போ 162 வருஷம் தள்ளி வாங்க. 2021, வாஷிங்டனில் இருக்கிற அமெரிக்க உச்ச நீதிமன்றம். அங்கேயும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். மாட்டுக்குப் பதிலா ஸ்னாப்சாட். அடிக்குப் பதிலா ஒரு வருஷம் சியர்லீடிங் டீமில் இடம் இல்லை. அந்த வழக்கில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் இந்தப் பழைய மாட்டு வழக்கும் வருகிறது!

இந்த ரெண்டு வழக்குக்கும் நடுவில் நடந்ததுதான் இன்றைய எபிசோட். ஃபுட்பால், பேண்ட், கொயர், வினாடி வினா, சியர்லீடிங் என்று அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு வெளியே நடக்கிற விஷயங்கள் நிறைய. அதில் சேருகிற பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதல் விதிமுறைகள். அவை எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் போயின என்று பார்ப்போம்.

உரிமையா, சலுகையா?

முதல்ல ஒரு அடிப்படை. அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் படிப்பது மாநிலச் சட்டம் கொடுத்த உரிமை. 1975-ல் 'காஸ் எதிர் லோபஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு மாணவனைப் பத்து நாளுக்குள்தான் சஸ்பெண்ட் செய்கிறீர்கள் என்றாலும், என்ன குற்றச்சாட்டு என்று சொல்லணும், அவன் தரப்பைக் கேட்கணும்.

ஆனால் ஃபுட்பால் டீம்ல இருந்து நீக்கினா? பெரும்பாலான நீதிமன்றங்கள் சொன்ன பதில்: அது உரிமை இல்லை, சலுகை. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீயாகத்தானே வந்து சேர்ந்தாய்? சேர்ந்தால் எங்கள் விதி.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். இதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது வருகிற 'ஐ அக்ரீ' பட்டன். பட்டனை அமுக்கறது நம்ம விருப்பம்தான். அமுக்காட்டி ஆப் கிடையாது. அப்புறம் அங்கே எழுதியிருக்கிற எல்லாத்துக்கும் நாம சம்மதிச்சதா கணக்கு. 'நீயாகத்தானே சேர்ந்தாய்' என்ற இந்த ஒரு வாதம் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதை மட்டும் கவனிச்சுக்கிட்டே வாங்க.

கல்யாணம் ஆனால் ஃபுட்பால் கிடையாது

1950-களில் அமெரிக்காவில் பள்ளி முடிப்பதற்கு முன்னாலேயே கல்யாணம் செய்துகொள்கிற பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். பல பள்ளி வாரியங்களுக்கு இது பெரிய கவலை. படிப்பை நிறுத்தினால் சட்டச் சிக்கல். அதனால் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கல்யாணம் ஆன மாணவர்கள் வகுப்புக்கு வரலாம், விளையாட்டிலோ மற்ற செயல்பாடுகளிலோ சேர முடியாது.

டெக்சஸ் மாநிலம் கார்லண்ட் ஊரில் கிசிக் என்ற மாணவர் நல்ல ஃபுட்பால் வீரர். கல்யாணம் செய்துகொண்டார். டீமில் இருந்து விலக்கப்பட்டார். வழக்குப் போட்டார். 1959-ல் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி வாரியத்தின் பக்கம் நின்றது. இளவயசுக் கல்யாணத்தைத் தடுக்க வாரியம் எடுத்த நியாயமான நடவடிக்கை என்று சொல்லிவிட்டது.

இங்கே ஒண்ணை யோசிங்க. கல்யாணம் சட்டப்படி செல்லும். சட்டம் அனுமதித்த ஒரு விஷயத்துக்கு, பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்துக்கு, ஃபுட்பால் மைதானத்தில் தண்டனை! கையில இருக்கிற ஒரே பிடி அதுதான்னு அதையே பிடிச்சிட்டாங்க.

பதிமூன்று வருஷம் கழித்துக் காற்று திசை மாறியது. 1972-ல் ஒஹையோவில் கல்யாணமான ஒரு பேஸ்பால் வீரர் தொடுத்த 'டேவிஸ் எதிர் மீக்' வழக்கில் ஃபெடரல் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. அதே வருஷம் டென்னசி, மொன்டானா மாநிலங்களிலும் இதே மாதிரி தீர்ப்புகள் வந்தன. கல்யாண விதி மெல்ல மறைந்தது. 'சேர்ந்தால் எங்கள் விதி' என்ற யோசனை மட்டும் மறையவில்லை.

மார்க் இல்லையா, மேட்ச் இல்லை

1984. மறுபடியும் டெக்சஸ். அந்த மாநிலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஹைஸ்கூல் ஃபுட்பால் என்பது ஊர்த் திருவிழா மாதிரி. ஆளுநர் மார்க் வைட் கல்வியைச் சீர்திருத்த ஒரு குழு அமைத்தார். தலைவர் ராஸ் பெரோ. ஆமாம், பின்னால 1992-ல ஜனாதிபதித் தேர்தல்ல நின்னாரே, அதே கம்ப்யூட்டர் கம்பெனி கோடீஸ்வரர்தான். அந்தச் சீர்திருத்தத்தில் வந்ததுதான் 'நோ பாஸ், நோ ப்ளே' சட்டம். ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆறு வாரம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது.

கோச்சுகள் கொதித்தார்கள். பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1985-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம், பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாட்டில் பங்கேற்பது அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லிச் சட்டத்தைக் காப்பாற்றியது. அடுத்த வருஷத் தேர்தலில் வைட் தோற்றார். கோச்சுகளின் கோபமும் அதற்கு ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. 1995-ல் ஆறு வாரம் மூன்று வாரமாகக் குறைக்கப்பட்டது.

எனக்கு இந்த விதி பரவாயில்லைன்னுதான் தோணுது. பள்ளிக்கூடம் இருப்பது படிப்புக்காக, அதனால் படிப்பை நிபந்தனை ஆக்கலாம். ஆனால் எதிர்வாதத்திலும் உண்மை இருக்கு. பாடத்தில் ஆர்வம் இல்லாத ஒரு பையனைத் தினமும் பள்ளிக்கு வரவைக்கிறதே அந்த விளையாட்டுதான்னு வைங்க. அதையும் பிடுங்கிட்டா அவன் எதுக்கு வரணும்? இந்தக் கேள்வி கடைசி வரைக்கும் நம்ம கூட வரும்.

வெர்னோனியா: கப்பில் சிறுநீர்

இப்போ கதையின் மையத்துக்கு வருகிறோம். ஆரிகன் மாநிலத்தில் வெர்னோனியா, மரம் வெட்டும் தொழிலை நம்பி வளர்ந்த சின்ன ஊர். ஊரே கொண்டாடுவது பள்ளி விளையாட்டைத்தான். 1980-களின் நடுவில் ஆசிரியர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். போதைப் பழக்கம் கூடுகிறது, வகுப்பில் ஒழுங்கு குலைகிறது. அதில் முன்னணியில் இருப்பவர்களே விளையாட்டு வீரர்கள் என்பது வழக்கை முதலில் விசாரித்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உண்மை. முதலில் விழிப்புணர்வு வகுப்பு நடத்தினார்கள், மோப்ப நாய் கொண்டுவந்தார்கள். பலன் இல்லை.

1989-ல் பெற்றோரைக் கூட்டிப் பேசினார்கள். வந்திருந்த பெற்றோர் எல்லோரும் ஒருமனதாகச் சம்மதித்தார்கள். அப்படி வந்த விதி இது. விளையாட்டில் சேரும் ஒவ்வொரு மாணவரும், பெற்றோரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடணும். சீசன் தொடக்கத்தில் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. அப்புறம் வாராவாரம் குலுக்கல் முறையில் 10 சதவீதம் பேருக்கு. பையன்கள் என்றால் 12-லிருந்து 15 அடி தள்ளி ஒரு ஆள் பின்னால் நின்று கண்காணிப்பார். பெண்கள் கதவு மூடிய அறைக்குள். முதல் பரிசோதனையில் மாட்டினால் உறுதி செய்ய இன்னொரு பரிசோதனை. அதிலும் மாட்டினால், ஆறு வாரம் உதவித் திட்டத்தில் சேர்ந்து வாராவாரம் சோதனைக்கு வரலாம். இல்லாவிட்டால் இந்த சீசனும் அடுத்த சீசனும் விளையாட முடியாது.

1991-ல் ஏழாம் வகுப்பு மாணவன் ஜேம்ஸ் ஆக்டன் ஃபுட்பாலுக்குப் பெயர் கொடுத்தான். அவன் மேல் எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனால் அவனும் பெற்றோரும் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். விளையாட விடவில்லை. காரணமில்லாமல் அரசு ஒருவரைச் சோதனை போடக் கூடாது என்கிற நான்காவது அரசியல் சாசனத் திருத்தத்தை வைத்து வழக்கு நடந்தது.

1995 ஜூனில் தீர்ப்பு. ஆறுக்கு மூன்று, பள்ளிக்கு வெற்றி. நீதிபதி அன்டனின் ஸ்கலியா எழுதினார். வாதத்தைச் சுருக்கமா சொல்றேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட அந்தரங்கம் குறைவு. விளையாட்டு வீரர்களுக்கு இன்னும் குறைவு, எல்லோர் முன்னாலும் உடை மாற்றிக் குளிக்கிறவர்கள்தானே. டீமில் சேரும்போதே மருத்துவப் பரிசோதனை, இன்சூரன்ஸ், குறைந்தபட்ச மார்க் என்று கூடுதல் கட்டுப்பாட்டுக்குத் தாங்களாகவே உட்படுகிறார்கள். போதையோடு மைதானத்தில் இறங்கினால் அவர்களுக்கும் எதிரே நிற்பவருக்கும் அடிபடும்.

இந்த வாதத்தில் வலு இருக்குங்க. ஊரில் நிஜமான பிரச்சினை, அதன் மையத்தில் வீரர்கள், அடிபடும் அபாயம் என்று மூன்றும் இருந்தது. ஆனால் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் மாறுபட்டார். சந்தேகம் இருக்கிற பிள்ளையைச் சோதிங்க, சந்தேகமே இல்லாத எல்லோரையும் ஏன் வரிசையில் நிறுத்தறீங்க என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இந்த முறை பள்ளி பக்கம்தான் நின்றார். இந்த விவரத்தை ஞாபகம் வைச்சுக்கோங்க.

டெக்கும்சே: பாட்டுப் பாடவும் கப்பு

எங்க ஆபீஸ்ல 'ஸ்கோப் க்ரீப்'னு ஒரு வார்த்தை உண்டு. ஒரு சின்னத் தேவைக்காகத் தொடங்கின வேலை, 'இதையும் சேர்த்துக்கலாமே'ன்னு வளர்ந்து வளர்ந்து அடையாளமே தெரியாம போறது. வெர்னோனியா விதிக்கு நடந்தது அதுதான்.

ஒக்லஹோமா மாநிலத்தில் டெக்கும்சே. 1998-ல் அந்தப் பள்ளி மாவட்டம் ஒரு விதி கொண்டுவந்தது. பாடத்துக்கு வெளியே எந்தச் செயல்பாட்டில் சேர்ந்தாலும் போதைப் பரிசோதனைக்குச் சம்மதிக்கணும். நடைமுறையில் போட்டிகள் உள்ள செயல்பாடுகளுக்கு அமல்படுத்தினார்கள். விளையாட்டு மட்டும் இல்லை. பேண்ட், கொயர், வினாடி வினா டீம், வருங்கால விவசாயிகள் சங்கம், வருங்கால இல்லத்தரசிகள் சங்கம் எல்லாமே.

லின்ட்சே எர்ல்ஸ் கொயரில் பாடுகிற, அணிவகுப்பு பேண்டில் வாசிக்கிற, வினாடி வினா டீமில் இருக்கிற மாணவி. மார்க்கிலும் முன்னணி. அவர் வழக்குப் போட்டார். 2002 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்று மறுபடி பள்ளி ஜெயித்தது. இந்த முறை எழுதியவர் நீதிபதி தாமஸ். இந்தக் குழுக்களும் வெளியூர் போகின்றன, தங்களுக்கென்று விதிகள் வைத்திருக்கின்றன, இவர்களும் தாங்களாகவே சேர்ந்தவர்கள் என்றார். பரிசோதனை முடிவு போலீசுக்குப் போகாது, படிப்பைப் பாதிக்காது, அதிகபட்சம் அந்தச் செயல்பாட்டில் இருந்து விலக்கல்தான் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

இங்கேதான் கின்ஸ்பர்க் பக்கம் மாறினார். 1995-ல் சம்மதித்தவர் 2002-ல் மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். பேண்டில் டியூபா வாசிக்கிறவர்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் மோதிக்கிறதும், வளர்க்கிற கால்நடை கட்டவிழ்த்து ஓடறதும்தான் இங்கே ஆபத்தா என்று கிண்டலாகவே கேட்டார். அந்தக் கிண்டலுக்குப் பின்னால் ரெண்டு கனமான வாதம் இருந்தது.

ஒன்று, 'தாங்களாகவே' என்ற சொல். கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற அமெரிக்கப் பிள்ளைக்கு இந்தச் செயல்பாடுகள் நடைமுறையில் கட்டாயம். பேப்பரில்தான் விருப்பம். இரண்டு, மாலை நேரத்தில் கொயரிலும் பேண்டிலும் இருக்கிற பிள்ளைகள் போதைப் பழக்கத்துக்குப் போகிற வாய்ப்பே மற்றவர்களைவிடக் குறைவு. பரிசோதனைக்குப் பயந்தோ வெட்கப்பட்டோ ஒரு பிள்ளை விலகிப் போனால், அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே வேலியும் போச்சு. டெக்சஸ்ல கேட்ட அதே கேள்வி, பாருங்க.

ஆனால் உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது என்பதற்காக எல்லா மாநிலமும் ஒத்துக்கொள்ளவில்லை. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2008-ல், வீரர்களுக்கு நடத்தும் குலுக்கல் பரிசோதனைகூட எங்கள் மாநில அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. வாஷிங்டன், வெர்னோனியா இருக்கிற ஆரிகனுக்கு அடுத்த மாநிலம்தான்!

மஹானாய்: சனிக்கிழமைக் கோபம்

இதுவரை உடம்பைப் பற்றிய விதிகள். கடைசி வழக்கு வாயைப் பற்றியது.

அதுக்கு முன்னால ஒரு நிமிஷம் 1965-க்குப் போயிட்டு வரணும். வியட்நாம் போருக்கு எதிராகக் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்கு வந்த சில பிள்ளைகளை ஐயோவா மாநிலம் டி மாயினில் சஸ்பெண்ட் செய்தார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயசு 13. 1969-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று பிள்ளைகள் பக்கம் நின்றது. பள்ளி வேலையைக் கணிசமாகக் குலைக்காத வரை, மாணவரின் பேச்சைத் தடுக்க முடியாது. இன்று வரை அதுதான் அளவுகோல்.

2017 மே. பென்சில்வேனியாவின் மஹானாய் சிட்டி. ஒன்பதாம் வகுப்பு முடிக்கப்போகும் பிராண்டி லெவி பள்ளியின் பெரிய சியர்லீடிங் டீமுக்கு முயற்சி செய்கிறார். கிடைக்கவில்லை, மறுபடி ஜூனியர் டீம்தான். புதுசாகப் பள்ளியில் சேரப்போகும் ஒரு பெண்ணுக்கு மட்டும் பெரிய டீமில் இடம். சனிக்கிழமை தோழியோடு ஒரு கடையில் இருக்கும்போது நடுவிரலைக் காட்டி ஒரு படம், பள்ளியையும் சியர்லீடிங்கையும் எல்லாத்தையும் கெட்ட வார்த்தையில் திட்டி ஒரு வரி. ஸ்னாப்சாட்டில் போட்டார். 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். பார்க்கக்கூடியவர்கள் சுமார் 250 பேர். ஆனா ஸ்கிரீன்ஷாட்னு ஒண்ணு இருக்கே! அது கோச்சுக்குப் போனது. ஒரு வருஷம் டீமில் இடமில்லை.

டீமின் விதிகள் எழுத்தில் இருந்தன. கோச்சை மதிக்கணும், இன்டர்நெட்டில் டீமைப் பற்றித் தவறாக எழுதக் கூடாது. லெவி அதற்குச் சம்மதித்திருந்தார். பழைய கணக்குப்படி பார்த்தால் கதை இங்கேயே முடிஞ்சிருக்கணும்.

முடியவில்லை. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் லெவி பக்கம். டீம் விதிகளில் கையெழுத்துப் போட்டதால் பேச்சுரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்றும் சொன்னார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் எட்டுக்கு ஒன்று என்று அவர் பக்கம் நின்றது. எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் பிரேயர். 2002-ல் டெக்கும்சே பள்ளிக்கு ஆதரவாக நின்ற ஐந்து பேரில் ஒருவர்!

பிரேயர் சொன்னது மூன்று விஷயம். பள்ளிக்கு வெளியே பிள்ளை பெற்றோரின் பொறுப்பு. பள்ளிக்குள்ளேயும் வெளியேயும் பள்ளியே கட்டுப்படுத்தினால் பிள்ளை நாள் முழுக்க 24 மணி நேரமும் வாய் திறக்க முடியாது. பிடிக்காத கருத்தையும் சொல்ல விடுவது பள்ளியின் கடமைகளில் ஒன்று, ஜனநாயகம் வளர்கிற நாற்றங்கால் பள்ளிதான். பள்ளி வேலை எவ்வளவு குலைந்தது? அல்ஜீப்ரா வகுப்பில் ஓரிரு நாள் ஐந்து பத்து நிமிஷம் பேசினார்கள், சில பெண்கள் வருத்தப்பட்டார்கள், அவ்வளவுதான்.

மாறுபட்ட ஒரே நீதிபதி தாமஸ். டெக்கும்சே தீர்ப்பு எழுதினவர். ஒரு டீமின் பிரதிநிதி என்பதால் இவள் பேச்சு பள்ளியை மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கும், அதனால் பள்ளிக்கு அதிகாரமும் அதிகம் என்பது அவர் நிலை. இந்த வாதத்துக்குத் துணையாகத்தான் அந்த வெர்மான்ட் மாடு மறுபடி வந்தது.

எங்கே நிற்கிறோம்?

பிரேயர் முழுக் கதவையும் மூடவில்லை. கொடுமைப்படுத்தல், மிரட்டல் மாதிரி விஷயங்களில் பள்ளி வெளியிலும் தலையிடலாம் என்று விட்டு வைத்தார். மார்க் நிபந்தனைகள் இருக்கின்றன. பல மாவட்டங்களில் கப்பும் இருக்கிறது. கோடு எங்கே என்று அடுத்த வழக்கு வரும்போதுதான் தெரியும்.

இந்த வரலாற்றைப் படிச்சப்புறம் ஒரு விதி நல்லதா இல்லையான்னு பார்க்க எனக்குக் கிடைச்ச அளவுகோல் ரொம்ப எளிசு. இந்த விதிக்கும் இந்தச் செயல்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? போதையில் ஃபுட்பால் ஆடினால் அடிபடும், சம்பந்தம் இருக்கு. கல்யாணத்துக்கும் ஃபுட்பாலுக்கும்? கொயருக்கும் கப்புக்கும்? சனிக்கிழமைக் கோபத்துக்கும் செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கும்? பதில் சொல்ல முடியாத இடத்தில்தான் 'நீயாகத்தானே சேர்ந்தாய்' என்று சொல்கிறார்கள்.

கடைசியா என் கதை ஒண்ணு. பதினொன்றாம் வகுப்பில் மாவட்ட செஸ் போட்டிக்குப் போக ஒரு படிவம் கொடுத்தாங்க. அப்பா சமையலறை வாசல்ல நின்னபடியே கையெழுத்துப் போட்டார். அதுல என்ன எழுதியிருந்ததுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போட்டிக்குப் போகணும், அவ்வளவுதான். பதினாறு வயசுல வேணாம்னு சொல்ற தைரியம் யாருக்கு இருக்கும்? ஏழாம் வகுப்பு ஜேம்ஸ் ஆக்டனுக்கும் அவன் வீட்டுக்கும் இருந்தது. வழக்கில் தோற்றார்கள். ஆனால் அந்தப் படிவத்தை முழுசாகப் படித்துவிட்டு நாலு வருஷம் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

உங்க பள்ளியில நீங்களோ வீட்டிலோ படிக்காமலே கையெழுத்துப் போட்ட விதி எது? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.